உலைக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

சுகி பிரோத்
18 நவம்பர் 2012

தம்பி பென்கோ,

வேறு யாராவது சொல்லி நீ சிரிப்பதற்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அணு உலைக்கு நான் கைதட்டிவிட்டேன். ஆதரித்துத் தட்டவில்லை. தூங்கிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி மாதம் நாடு முழுக்க வாக்கெடுப்பாம். புது அணுமின் நிலையம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கப் போகிறார்கள். வேண்டும் என்று விழுந்தால் நம் ஊருக்குக் கீழே ஆற்றங்கரையில் பாதியில் நிற்கிறதே உன் குழி, அதைத்தான் மறுபடி தோண்டுவார்கள் என்று ஊரே பேசிக்கொள்கிறது. அதற்காக மன்றத்தில் கூட்டம். தலைநகர் சோபியாவிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார், நல்ல கோட்டு. மன்றத்தில் இந்த வருடம் விறகை மிச்சம் பிடிக்காமல் அடுப்பை மூட்டிவிட்டார்கள். விடியும் முன்பே எழுந்து மாவு பிசைகிறவளுக்கு முதுகில் சூடு பட்டால் என்ன ஆகும்? படபடவென்று கைதட்டல் கேட்டு விழித்தேன். எல்லோரும் தட்டுகிறார்களே என்று நானும் எழுந்து நின்று தட்டினேன். அவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தேனாம்.

ஊர்த் தலைவர் விடுவாரா? "பாருங்க சார், ரொட்டிக்கடை ஸ்லாவ்காவே எந்திரிச்சு நின்னு தட்டுறாங்க. இந்த ஊரு உலை பக்கம்தான்"னு மைக்கில் சொல்லிவிட்டார்.

அடுத்து சூரியத் தகடு விற்கிற பெண் பேசினாள். ஒல்லியாக இருந்தாள், ஆனால் பயமில்லை. "உங்க கூரை மேல தினமும் விழுற வெயிலுக்கு நீங்க யாருக்கும் கைகட்டி நிக்க வேண்டாம்"னு சொன்னாள். அதற்கு நான் முழித்துக்கொண்டே தட்டினேன். ஆனால் யாரும் பார்க்கவில்லை. கடைசியில் கினா அத்தை எழுந்து, "அணுவும் வேணாம், வெயிலும் வேணாம். காலையில நகரத்துக்குப் போற பஸ்ஸ நிறுத்திட்டீங்களே, அத விடுங்க மொதல்ல"ன்னு கேட்டார். இருந்ததிலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

நீ போனை எடுப்பதில்லை. ஆகஸ்டில் மாதா திருநாள் விருந்தில் உன் உலைக்குழியைப் பற்றி நான் சொன்னதற்கு மறுநாள் காலையிலேயே வண்டி ஏறிவிட்டாய். அந்தக் குழியில் தவளைகள் குடும்பம் நடத்துகின்றன என்றுதானே சொன்னேன்? நடத்துகின்றனவே. அதனால் ஸ்பெயினுக்குப் பொட்டலம் ஏற்றிப் போகிற மித்கோவின் வேனில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே மிளகாய்த் துவையல் இரண்டு பாட்டில். ஒன்று உனக்கு, ஒன்று உன் கோபத்துக்கு.

அக்கா
ஸ்லாவ்கா


சரகோசா
2 டிசம்பர்

அக்காவுக்கு,

துவையல் வந்தது. ஒரு பாட்டில் வழியில் உடைந்துவிட்டது. கோபத்துக்கு அனுப்பியதுதான் உடைந்திருக்க வேண்டும், ஏனென்றால் கோபம் அப்படியே இருக்கிறது.

தவளை பற்றிச் சொன்னதற்கு நான் வண்டி ஏறவில்லை. என் கூட்டாளி டிமோவும் அவன் மனைவியும் மச்சானும் உட்கார்ந்திருந்த மேசையில் சொன்னதற்கு ஏறினேன். அந்தக் குழியில் இருக்கிற இரும்பை நான் இருபத்துநாலு வயதில் பற்றவைத்தேன். ஒவ்வொரு இணைப்பையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். என்னுடையதில் ஒன்றுகூடப் பிழை என்று திரும்பி வரவில்லை. இது நீ அறிந்ததே.

கூட்டத்துக்குப் போனாயே, தூங்காமல் இருந்திருந்தால் ஒன்று கேட்டிருக்கலாம். டிசம்பர் மாதம் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊரே விளக்கைப் போடுகிறது. அந்த நேரத்தில் அந்தப் பெண்ணின் தகடு என்ன செய்யும்? தூங்கும், உன்னைப் போல. பணக்கார நாடுகள் எல்லாம் உலை கட்டி, அதில் பணக்காரர்களாகிவிட்டு, இப்போது நம்மிடம் வந்து கூரையில் கண்ணாடி பதி என்கின்றன. அந்தக் கண்ணாடிக்குத் தருகிற சலுகை கினா அத்தையின் மின்கட்டணத்தில் ஏறுகிறது. கூரையே ஒழுகுகிற வீட்டுக்காரி அடுத்தவர் கூரைக்குக் காசு கட்டுகிறாள்.

நான் இங்கே காற்றாலைக் கம்பம் பற்றவைக்கிறேனே என்று கேட்பாய், தெரியும். பன்றி வளர்க்கிறவன் எல்லாம் பன்றிக்கறி தின்றாக வேண்டும் என்று சட்டம் இல்லை. உன் ரொட்டி அடுப்பு எந்தக் கரண்டில் எரிகிறது? ஆற்றின் மேல்பக்கத்தில் இருக்கிற பழைய அணுமின் நிலையத்தின் கரண்டில். நான் ஏதாவது சொன்னேனா?

நேராக எழுதுகிறேன். வாக்கெடுப்பில் வேண்டும் என்று விழுந்தால் வேலை தொடங்கும், பற்றவைக்க ஆள் தேடுவார்கள். நான் ஊருக்கு வந்துவிடுவேன். வேண்டாம் என்று விழுந்தால் என் பங்கான கீழ்வீட்டை நீயே வைத்துக்கொள். மாவு மூட்டை அடுக்கு. நான் வரமாட்டேன்.

பென்கோ


சுகி பிரோத்
16 டிசம்பர்

பென்கோ,

கீழ்வீட்டில் ஏற்கனவே மூன்று மாவு மூட்டை இருக்கிறது. நீ கோபித்துக்கொள்வாய் என்று சொல்லவில்லை.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஐந்து மணி விளக்கு பற்றி நீ சொன்னது சரிதான். அந்தப் பெண்ணிடம் கேட்டேன். பகல் வெயிலைச் சேர்த்துவைக்கிற பேட்டரி வரும் என்றாள். எப்போது என்றேன். வரும் என்றாள். உன் உலையும் அப்படித்தானே, எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருடத்திலிருந்து வரும் வரும் என்கிறார்கள். என் மகனுக்கு இப்போது முன்தலை வழுக்கை. ஏழை நாடு கடன் வாங்கலாம், தப்பில்லை. கடன் வாங்கி விளக்கு எரிந்தால் சரி. நாம் கடன் வாங்கி வாங்கி ஒரு பள்ளத்தை வளர்த்திருக்கிறோம்.

எழுபத்தேழில் பூமி ஆடியபோது நீ பொடியன். நீ கொட்டிலுக்குள் ஓடி ஆட்டைக் கட்டிக்கொண்டு அழுதாய். ஆற்றங்கரை நகரத்தில் மாடிக் கட்டடமே உட்கார்ந்துவிட்டது. அந்த ஆற்றங்கரையில்தான் இதைக் கட்டுகிறார்கள். பொறியாளரிடம் கேட்டதற்கு, "அம்மா, அதெல்லாம் கணக்குப் போட்டாச்சு"ன்னார். போட்டிருப்பார். எண்பத்தாறில் செர்னோபில் வெடித்தபோதும் யாரோ கணக்குப் போட்டுத்தான் எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தார்கள். மே மாதம் முழுக்கத் தோட்டத்துக் கீரையைத் தின்றோம். நல்ல மழை, கீரை அந்த வருடம் கொழுகொழுவென்று வந்தது. நான் ஏழாவது வரைதான் படித்தவள், எனக்கு அணு தெரியாது. ஆனால் என்னிடம் எதைச் சொல்லமாட்டார்கள் என்று தெரியும்.

என் அடுப்பு பற்றி நீ சொன்னது எனக்குச் சுருக்கென்றது. பதில் கிடைத்தால் எழுதுகிறேன்.

நீ வருவதும் வராததும் ஒரு வாக்குச் சீட்டில் இருக்கிறது என்கிறாய். இது ஊர் விஷயமா, என்னை மிரட்டுகிற விஷயமா? நான் வேண்டாம் என்று போட்டால் தம்பியை வேண்டாம் என்று போட்டதாக ஆகிறது. இரண்டையும் ஒன்றாகப் பற்றவைத்து உன் வேலை நேர்த்தியை இதில் காட்டாதேடா.

நானும் தகட்டுக்காரப் பெண்ணும் சேர்ந்து வாக்கெடுப்புக்கு ஒரு சின்ன வேடிக்கை செய்யப் போகிறோம். சொன்னால் திட்டுவாய். சொல்லமாட்டேன். இந்த முறை துவையலைத் துணியில் சுற்றியிருக்கிறேன்.

ஸ்லாவ்கா


சரகோசா
16 ஜனவரி 2013

அக்காவுக்கு,

நான் இறந்துவிட்டதாகத் தெரிகிறது.

நேற்று வேலைக் கூடத்தில் போன் அடித்தது. ஊர் எண். உன்னுடையது இல்லை என்பதால் எடுத்தேன். டிமோ.

"நீங்க பென்கோ கூட வேலை பாக்குறவரா? உடம்ப எப்போ அனுப்புறீங்க?"

"எவன் உடம்ப?"

"பென்கோ உடம்பதான்."

"டேய், நான்தான்டா பேசுறேன்."

"நீங்க யாரு?"

"பென்கோ."

பிறகு, "எந்த பென்கோ?" என்றான். அதன்பின் போன் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

நான் சத்தம் போட்டதைக் கேட்டு மேஸ்திரி வந்தார். எனக்கு ஸ்பானிஷ் அரைகுறை. வீட்டில் சாவு என்று மட்டும் புரிந்துகொண்டு மூன்று நாள் விடுப்பு தந்துவிட்டார். அறையில் உட்கார்ந்திருக்கிறேன். இது உன் சின்ன வேடிக்கையா?

விவரமாக எழுதவும். யார் யார் வந்தார்கள் என்பதையும் எழுதவும்.

பென்கோ


சுகி பிரோத்
20 ஜனவரி

என் செத்துப் போகாத தம்பிக்கு,

நடந்ததைச் சொல்கிறேன், பிறகு திட்டு.

நம் ஊரில் கம்பம், கதவு, பஸ் நிறுத்தம் எல்லாவற்றிலும் செத்தவர்கள் முகம்தானே. கறுப்புக் கட்டம் போட்ட தாள் ஒட்டினால் நின்று பார்க்காமல் யாரும் தாண்டிப் போவதில்லை. வேறு எந்த நோட்டீசை இவர்கள் பார்க்கிறார்கள்? அதனால் உலைக்கே ஒரு கண்ணீர் அஞ்சலி அடிக்கலாம் என்று யோசனை. யோசனை என்னுடையது, அந்தப் பெண் சிரிக்க மட்டும் சிரித்தாள். வாசகமும் நான்தான். "இருபத்தைந்து ஆண்டுகள் ஆற்றங்கரையில் படுத்தே கிடந்து, ஒரு விளக்கும் ஏற்றாமல் எங்களை விட்டுப் பிரிந்த எங்கள் ஆசை அணு உலைக்கு. இனி எழுப்ப வேண்டாம், உறங்கட்டும். ஊரார்."

படம் வேண்டும் என்றாள் நகரத்து அஞ்சலிக் கடைக்காரி. படமில்லாத தாள் உண்டா? குழியின் படம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது, எண்பத்தெட்டில் எடுத்தது. குழிக்கு முன்னால் தலைக்கவசத்தோடு பல்லைக் காட்டிக்கொண்டு நீ. குழி பெரிதாக, நீ சின்னதாக. அதையே கொடுத்துவிட்டு வந்தேன். அவள் முப்பது வருடமாக அஞ்சலி அடிப்பவள். கூட்டத்துப் படம், கல்யாணப் படம், எதைக் கொடுத்தாலும் முகத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான் அவள் தொழில். குழியை வெட்டி எறிந்துவிட்டாள். தாள் முழுக்க உன் முகம். ஒட்டுகிற ஆளையும் அவளே அனுப்பிவிட்டாள். நான் காலையில் கடை திறந்தபோது என் கதவிலேயே நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

வாசகத்தைப் படித்தால் தெரியாதா என்பாய். படம் பார்த்த பிறகு யார் படிக்கிறார்கள்? படித்த ஒன்றிரண்டு பேரும், "தம்பி போன நேரத்துல அக்காவே இப்புடி எழுதலாமா, படுத்தே கிடந்தான்னு"ன்னு பேசிக்கொண்டார்களாம்.

வந்தவர்களைக் கேட்டாய். எல்லோரும் வந்தார்கள். டிமோ வந்து கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான். இரண்டு பாட்டில் பிளம் சாராயம் கொண்டுவந்தான், ஒன்றரையை அவனே குடித்தான். இப்படிச் சிரிக்கிற பல்லழகன் இனி ஊரில் கிடையாது என்றார்கள் மேல்தெரு அக்காமார். தபால்காரி யோர்தான்கா உன் தாளைத் தடவிப் பார்த்தாள். குறித்துக்கொள்.

நான் அவன் சாகவில்லை, சாகவில்லை என்று வாசலில் நின்று கத்துகிறேன். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று எனக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள். அதற்குள் ஊர்த் தலைவர் படியில் ஏறி நின்று, "உலை வரும், ஊருக்கு வருவோம்னு ஏங்கி ஏங்கியே போயிட்டான். வேணும்னு ஒரு ஓட்டுப் போட்டா அதுதான் அவனுக்கு நாம செய்யுற மரியாதை"ன்னு பேசிவிட்டார். வேண்டாம் என்கிற பக்கத்து ஆள் ஒருவன் சும்மா இருப்பானா, "அந்தக் குழியில வேலை பாத்த கதிர்வீச்சுதான் அவனைத் தின்னுருச்சு"ன்னான். கட்டாத உலைக்கு எங்கேடா கதிர்வீச்சு? என் பக்கத்து ஆளையே நான்தான் அடக்க வேண்டியதாயிற்று. உயிரோடு இருக்கும்போது உன்னை இத்தனை பேர் பங்கு போட்டதில்லை.

டிமோவின் போன் விஷயம் தெரிந்த பிறகுதான் எல்லோரும் நம்பினார்கள், கினா அத்தையைத் தவிர. தாளைக் கிழித்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "கிழிச்சா வந்துருவானாடி? அழு, அழுதாத்தான் தீரும்"னு சொல்கிறார். மூன்று முறை விளக்கிவிட்டேன். மூன்று முறையும் எனக்கு முத்தம் கொடுத்தார்.

கடைக்காரி இன்னும் ஏதோ தாள் பாக்கி இருக்கிறது என்றாள். சண்டையில் காதில் வாங்கவில்லை.

மன்னித்துக்கொள். படம் மட்டும் நன்றாக வந்திருக்கிறது.

ஸ்லாவ்கா


சுகி பிரோத்
28 ஜனவரி

பென்கோ,

நேற்று வாக்கெடுப்பு முடிந்தது. மித்கோ இன்று கிளம்புகிறான், அதனால் சுருக்கமாக.

வந்து போட்டவர்களில் அதிகம் பேர் உன் பக்கம்தான், வேண்டும் என்று. ஆனால் வந்தவர்களே கொஞ்சம். ஐந்தில் ஒருத்தர்தான் வந்தார் என்று வானொலியில் சொன்னார்கள். பத்தவில்லையாம், முடிவு கட்டுப்படுத்தாதாம், மறுபடி நாடாளுமன்றம் பேசுமாம். பேசட்டும், அங்கே அடுப்பு நன்றாக எரியும்.

ஆக, நீ ஜெயித்தாய், உலை ஜெயிக்கவில்லை. வேண்டும் என்று விழுந்தால் வருவேன், வேண்டாம் என்று விழுந்தால் வரமாட்டேன் என்று எழுதியிருந்தாய். இப்படி விழுந்தால் என்ன என்று நீ எழுதவில்லை. தேடிப் பார்த்தேன்.

நான் எப்படிப் போட்டேன் என்று வேறு யாரும் சொல்லமுடியாது, அதனால் நானே சொல்கிறேன். வேண்டாம் என்று போட்டேன். திரைக்குப் பின்னால் நெடுநேரம் நின்றேன். வெளியே இருந்த பெண், "அக்கா, உள்ளயே தூங்கிட்டீங்களா?"ன்னு கேட்கும் வரை நின்றேன். நீ கீழ்வீட்டில் விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். வேண்டும் என்று போடத்தான் கை போனது. பிறகு, நீ அந்தச் சுவருக்குள்ளே இறங்கிப் பற்றவைத்துக்கொண்டிருக்கும்போது எழுபத்தேழு மாதிரி பூமி ஆடுவதை நினைத்தேன். நீ வரவேண்டும் என்றுதான் எனக்கும். ஆனால் அதற்குள் வரவேண்டாம்.

வராவிட்டால் வராதே. துவையல் வந்துகொண்டிருக்கும்.

ஸ்லாவ்கா


சரகோசா
10 பிப்ரவரி

அக்காவுக்கு,

நீ வேண்டாம் என்று போட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஒப்புக்கொண்டதில் உண்டு. நானும் ஒன்று சொல்லவேண்டும்.

நிபந்தனை எழுதியபோதே இங்கே வேலை ஆடிக்கொண்டிருந்தது. காற்றாலைக்குத் தருகிற சலுகையை இந்த நாட்டு அரசாங்கம் நிறுத்திவிட்டது. புதுக் கம்பத்துக்கு யாரும் ஆர்டர் தருவதில்லை. இலையுதிர் காலத்திலிருந்து அரை வேலைதான். நீ என்னைக் கொன்ற வாரம் மேஸ்திரி மூன்று நாள் விடுப்பை அவ்வளவு சுலபமாகத் தந்ததும் அதனால்தான். போன வெள்ளிக்கிழமை கூடத்தையே மூடிவிட்டார்கள். வெளியே காற்று அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. நல்ல காற்று.

ஆகவே உலை வந்தால்தான் எனக்கு வேலை. உன்னை மிரட்டியது அதனால். வேலை இல்லாமல் வந்து நிற்பதைவிட, உலைக்காக வந்தேன் என்று வந்து நிற்பது எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

உலையின் பக்கம் நான் இருப்பது மாறவில்லை. சலுகையில் ஓடுகிற காற்றாலை சலுகை நின்றதும் நிற்கிறது, பார்த்தாயல்லவா. உலையும் கடன் நின்றதும் நின்றது என்று நீ எழுதுவாய். எழுத வேண்டாம், நானே எழுதிவிட்டேன்.

மித்கோவின் அடுத்த வண்டியில் வருகிறேன். உலைக்காக இல்லை. கீழ்வீட்டில் இருக்கிற மாவு மூட்டைகளை எடுத்துவிடு.

யோர்தான்கா தாளைத் தடவினாள் என்று எழுதியிருந்தாய். எந்த இடத்தில் என்று எழுதவில்லை.

பென்கோ


சுகி பிரோத்
17 பிப்ரவரி

பென்கோ,

நெற்றியில்.

மூட்டைகளை மேலே ஏற்றிவிட்டேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, அதையும் உன் கணக்கில் எழுதிக்கொள். கூடம் மூடியது பற்றி ஊரில் சொல்லவில்லை. கேட்டால், செத்துப் பிழைத்தவன், ஓய்வுக்கு வருகிறான் என்று சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடக் கூரையில் அந்தப் பெண் தகடு மாட்டப் போகிறாள். இரும்புச் சட்டம் பற்றவைக்க ஆள் இல்லாமல் தவிக்கிறாள். நீ மூக்கைச் சுளிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. பன்றி வளர்க்கிறவன் கறி தின்ன வேண்டாம், நீதான் சொன்னாய்.

மின்கட்டணம் இந்த மாதம் வந்ததைப் பார்த்து நகரத்தில் ஜனங்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். உலைக்காரரும் தகட்டுக்காரரும் ஒரே கொடியைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். என் அடுப்புக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

நீ வருகிற சனிக்கிழமை நான் வீட்டில் இருக்கமாட்டேன். அஞ்சலிக் கடைக்காரி சொன்ன பாக்கித் தாள் என்னவென்று இப்போதுதான் விளங்கியது. முதல் தாளோடு, செத்த நாற்பதாம் நாள் ஒட்டுகிற நினைவுத் தாளும் சேர்த்துத்தான் அவள் வழக்கமாக அடிப்பாளாம். போய் வாங்கிக் கிழித்துவிட்டு மத்தியானம் வருகிறேன். சாவி பழைய இடத்தில். அடுப்பு மேல் பீன்ஸ் சூப்.

ஸ்லாவ்கா


சமையல் மேசையில்
23 பிப்ரவரி

அக்காவுக்கு,

வந்துவிட்டேன். கீழே தூங்குகிறேன். கரண்ட் இல்லை, ஆறிப்போன சூப்பையே குடித்தேன்.

நீ நகரத்துக்குப் போய்ப் பயனில்லை. நீ கிளம்பிய கையோடு கடைக்காரி ஆள் அனுப்பி ஒட்டிவிட்டாள், பசைகூட இன்னும் காயவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து நம் வாசல் வரை இருந்ததை எல்லாம் கிழித்துவிட்டேன். மேல்தெருவை நீ பார்த்துக்கொள். தபால் நிலையக் கதவில் இருப்பதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

பள்ளிக்கூடச் சட்டத்துக்கு என்ன கனத்தில் இரும்பு வாங்கியிருக்கிறாள் என்று கேட்டு வை.

வண்டி நிறுத்தத்தில் நின்றபோது பனி பெய்துகொண்டிருந்தது. கினா அத்தை என் நாற்பதாம் நாள் கோதுமைத் தட்டோடு அங்கே நின்றிருந்தார். முக்காட்டை இழுத்து மூடியிருந்ததால் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு கோப்பையில் வேகவைத்த கோதுமையை அள்ளி என் கையில் வைத்து, "பென்கோவுக்காக, சாப்புடுப்பா. கடவுள் அவனை மன்னிக்கட்டும்" என்றார். "கடவுள் மன்னிக்கட்டும்" என்றேன். செத்தவர் பேரில் கோதுமை வாங்குகிறவர் வேறு எதுவும் சொல்கிற வழக்கமில்லை. வழியில் பெல்கிரேடைத் தாண்டியதிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. நின்றபடியே முழுவதையும் சாப்பிட்டேன்.

சர்க்கரை போதவில்லை.

பென்கோ